குவாசர்களின் முகம் எத்திசை நோக்கியது?

வானத்தை ஆராய்வோர்க்கு ஒரு பெருங்குறை உண்டு. தாவரநூலார் ஒரு மலரைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பி நோக்கலாம். புவிநூலார் ஒரு மலையைச் சுற்றி நடந்து வரலாம். வானநூலாரோ தாம் ஆராயும் பொருளை ஒரே ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே காணக் கூடியவர். பலகோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள ஒன்றன் மறுபக்கத்தைக் காண, மனிதகுலம் முழுவதும் தன் வாழ்நாளைச் செலவிட்டாலும் இயலாது.

இக்குறை சிறிதன்று. நெல்லுக் குற்றும் உலக்கையைப் பக்கவாட்டில் நோக்கினால் நீண்ட கோலாகத் தோன்றும். அதனையே நுனிப்புறமாக நோக்கினால் வட்டமான பூண் ஒன்று மட்டுமே தெரியும். உலக்கையை முன்பின் அறியாத ஒருவனுக்கு இவ்விரு தோற்றங்களையும் காட்டினால், இவை இருவேறு பொருள்கள் என்றே சாதிப்பான். வானநூலாரும் நெடுங்காலம் அந்நிலையிலேயே இருந்தனர். ஒரே இனத்துப் பொருள்களுக்கு வெவ்வேறு பெயர்களை இட்டு, வெவ்வேறு பட்டியல்களில் எழுதி வைத்தனர். அப்பெயர்களுட் சில, பொருளின் வேறுபாட்டால் அன்றி, நாம் பார்க்கும் கோணத்தின் வேறுபாட்டால் விளைந்தவை என்று உணர்த்தியது வானொலி அலைகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியேயாகும். குவாசர் எனப்படும் விந்தைப் பொருள்கள் எத்திசை நோக்கி நிற்கின்றன என்பதை மனிதர் கண்டறிந்த வரலாறே ஈண்டுக் கூறப்புகுவது.

நேயர்கள் வானொலிப் பெட்டியில் செவிமடுக்கும் குரலைச் சுமந்து வரும் அலைகளின் இனத்தைச் சேர்ந்த அலைகளே விண்ணிலிருந்தும் வந்துகொண்டிருக்கின்றன. இதனை முதன்முதல் உணர்ந்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த கார்ல் ஜான்ஸ்கி என்னும் பொறியியலாளர். தொலைபேசித் தொடர்பைக் கெடுக்கும் இரைச்சல்கள் எங்கிருந்து வருகின்றன என்று தேடியபோது, ஓர் இரைச்சல் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை உச்சமடைவதைக் கண்டார். அது சூரியனின் நாளன்று, விண்மீன்களின் நாள். ஆகவே அவ்விரைச்சல் பால்வழியிலிருந்து வருகின்றதென 1933ஆம் ஆண்டில் அறிவித்தார். 1937ஆம் ஆண்டில் குரோட் ரீபர் என்பவர் தம் வீட்டுத் தோட்டத்திலேயே ஒரு வானொலித் தொலைகாட்டியை அமைத்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இத்துறை விரைந்து வளர்ந்தது.

1953ஆம் ஆண்டில் ஒரு புதுச்செய்தி வெளிவந்தது. இங்கிலாந்தின் ஜொட்ரெல் பாங்க் ஆராய்ச்சி நிலையத்தில் ரொஜர் ஜெனிசன் என்பவரும், வங்காளத்திலிருந்து சென்றிருந்த மிருணால் குமார் தாஸ் குப்தா என்பவரும் சேர்ந்து, அன்னம் என்னும் உடுத்தொகுதியின் திசையிலுள்ள வலிய வானொலி மூலமொன்றை ஆராய்ந்தனர். அது ஒற்றைப் பொட்டாக இருக்குமென்றே பலரும் எண்ணியிருந்தனர். அதுவோ இரண்டாகப் பிரிந்து தோன்றிற்று. நடுவே ஒரு விண்மீன் மண்டலம். அதன் இருபுறமும், மண்டலத்துக்கு வெகுதொலைவில், வானொலி அலைகளை வீசும் இரு மடல்கள். பின்னர் ஆராயப்பட்ட மூலங்களிற் பலவும் இவ்வாறே இரட்டை வடிவினவாயிருந்தன. இரு மடல்களையும் இணைத்து ஒரு கோடு கீறினால் அதுவே அப்பொருளின் அச்சு. அச்சு உள்ள பொருளுக்குத் திசையும் உண்டன்றோ? திசை பற்றிய ஆராய்ச்சிக்கு இங்கேயே வித்திடப்பட்டது. ஆயினும் அக்காலத்தில் அதனை எவரும் அவ்வாறு கருதவில்லை.

1959ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் தம் மூன்றாவது வானொலி மூலப் பட்டியலை வெளியிட்டனர். அதிலே 273ஆம் எண்ணுடையதாய் அமைந்ததே 3சீ 273 என்னும் பெயர்பெற்ற பொருள். 1962ஆம் ஆண்டில் சந்திரன் அதனை மறைத்துச் செல்லும் வாய்ப்பு நேர்ந்தது. சந்திரனின் விளிம்பு வானில் எந்நேரத்தில் எவ்விடத்தில் இருக்கும் என்பது மிகத் துல்லியமாக அறியப்பட்டதொன்று. ஆகவே, வானொலி மூலம் சந்திரனுக்குப் பின்னே மறையும் கணத்தையும் வெளிப்படும் கணத்தையும் குறித்துக்கொண்டால், அம்மூலம் இருக்குமிடத்தைத் திட்டமாகக் கூறலாம். சிரில் ஹசார்ட் என்பவரும் அவருடைய துணைவரும் அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் என்னுமிடத்திலுள்ள 64 மீற்றர்த் தொலைகாட்டியைக் கொண்டு இவ்வேலையைச் செய்தனர். அவ்வாண்டு ஓகஸ்டு 5ஆம் திகதி நிகழ்ந்த மறைப்பின்போது சந்திரன் தொடுவானை நெருங்கியிருந்தமையால், தொலைகாட்டியை அதன் வழக்கமான எல்லைக்கும் கீழே சாய்க்க வேண்டியதாயிற்று.

அம்மறைப்பு இரண்டு செய்திகளைத் தந்தது. 3சீ 273இல் ஏறக்குறைய 20 விகலை இடைவெளியில் இரு பகுதிகள் உள்ளன என்பது ஒன்று. அவற்றுள் ஒரு பகுதி விண்மீன் போன்ற ஓர் ஒளிப்புள்ளியோடும், மற்றது அப்புள்ளியிலிருந்து நீண்ட மெல்லிய தாரையொன்றின் முனையோடும் பொருந்துகின்றன என்பது மற்றொன்று. 1963ஆம் ஆண்டு பெப்புருவரி மாதத்தில், கலிபோர்னியாவில் ஆராய்ந்துவந்த மார்ட்டன் சிமிட் என்னும் ஒல்லாந்து நாட்டு அறிஞர், அந்த ஒளிப்புள்ளியின் நிறமாலையிலுள்ள கோடுகள் ஐதரசனுக்குரியவையே என்றும், அவை சுமார் 16 சதவீதம் செந்நிறப் பக்கமாகப் பெயர்ந்துள்ளன என்றும் உணர்ந்தார். விண்மீன்போலத் தோன்றிய அது 200 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பாலுள்ளது எனத் தெளிவாயிற்று. பால்வழி முழுவதையும்விடப் பன்மடங்கு ஒளிரும் இப்பொருள்களுக்கு அடுத்த ஆண்டில் குவாசர் என்னும் பெயர் வழங்கலாயிற்று.

இத்துணைப் பேராற்றலுக்குக் காரணம் யாது? ஒரு விண்மீன் மண்டலத்தின் மையத்திலே அமைந்த மாபெருங் கருந்துளையை நோக்கி வாயு விழுவதே காரணமாகலாம் என டொனால்ட் லிண்டன் பெல் 1969ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். இன்று அது நிலைபெற்ற கொள்கையாகும். விழும் வாயு கருந்துளையைச் சுற்றித் தட்டுப்போற் பரந்து சுழல்கின்றது. சில குவாசர்களில், அத்தட்டுக்குச் செங்குத்தான அச்சு வழியே, இருபுறமும் இரு தாரைகள் ஒளியின் வேகத்தை அணுகிய வேகத்தோடு பீறிட்டுப் பாய்கின்றன. தாரைகள் சென்று மோதும் இடங்களே வானொலி மடல்கள்.

தாரைகள் இருபுறமும் பாய்வது உண்மையாயின், 3சீ 273இல் ஒரு தாரை மட்டும் ஏன் தோன்றுகின்றது? அதன் இணைத் தாரை எங்கே போயிற்று? இவ்வினாவே திசை ஆராய்ச்சிக்கு வாயிலாக அமைந்தது.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் இடைவெளியிலுள்ள தொலைகாட்டிகள் ஒரே பொருளை ஒரே நேரத்தில் நோக்க, அணுக் கடிகாரத்தின் துணையோடு அலைகளை நாடாவிற் பதிந்து, பின்னர் அப்பதிவுகளை ஒன்றுசேர்க்கும் முறை 1960களின் பிற்பகுதியிற் கைகூடியது. கண்டத்தையே அகலமாகக் கொண்ட ஒரு தொலைகாட்டி கிடைத்தாற் போன்றதாயிற்று. 1971ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் கிழக்குக் கரையிலுமுள்ள தொலைகாட்டிகளை இணைத்து 3சீ 279, 3சீ 273 என்னும் குவாசர்களை நோக்கியோர், அவற்றின் உட்பகுதிகள் ஒளியிலும் விரைவாக விலகிச் செல்வதுபோலத் தோன்றக்கண்டு திகைத்தனர். 3சீ 273ஐத் தொடர்ந்து படம்பிடித்த ஆராய்ச்சியாளர், 1977க்கும் 1980க்கும் இடைப்பட்ட 3 ஆண்டுகளில் அதன் உட்பகுதி சுமார் 25 ஒளியாண்டுத் தொலைவு விரிந்ததாக அக்காலக் கணிப்பின்படி 1981இல் அறிவித்தனர். ஒளி 3 ஆண்டுகளிற் செல்லக்கூடிய தூரமோ 3 ஒளியாண்டுகளே.

இயற்கையின் விதி பொய்த்துவிட்டதோ? இல்லை. இத்தகைய தோற்றம் நேரலாமென மார்ட்டின் ரீஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1966ஆம் ஆண்டிலேயே கணித்திருந்தார். ஒளியின் வேகத்தில் 99 சதவீதத்தோடு, நம்மை நோக்கிய கோட்டிலிருந்து 8 பாகை மட்டுமே விலகி வரும் ஒரு வாயுத்திரளை எண்ணிக்கொள்வோம். 10 ஆண்டுகளில் அது நம்மை நோக்கி 9.8 ஒளியாண்டு முன்னேறிவிடும், பக்கவாட்டில் 1.4 ஒளியாண்டு நகரும். தான் முதலில் விடுத்த ஒளியை அது ஏறக்குறைய உடன்பற்றியே வருகின்றது. ஆதலின் பத்தாண்டு கழித்து அது விடுக்கும் ஒளி, முதல் ஒளிக்கு 0.2 ஆண்டு பிந்தியே நம்மை அடையும். 1.4 ஒளியாண்டு நகர்ச்சி 0.2 ஆண்டில் நிகழ்ந்தது போல நமக்குத் தோன்றும். ஒளியினும் 7 மடங்கு வேகம்! விதி மீறப்படவில்லை, நம் கண்ணே மயங்கிற்று. ஆனால் அம்மயக்கம் ஓர் உண்மையை வெளிப்படுத்திவிட்டது. இவ்வாறு தோன்றும் குவாசரின் தாரை ஏறக்குறைய நம் முகத்துக்கு நேரே பாய்ந்து வருகின்றது என்பதே அவ்வுண்மை.

இணைத் தாரை காணாமற்போன புதிரும் இதனால் அவிழ்ந்தது. ஒளியை அணுகிய வேகத்தில் வரும் பொருள் தன் கதிர்களை முன்புறமாகக் குவித்து வீசும். ஆகவே நம்மை நோக்கி வரும் தாரை மிகப் பிரகாசமாகவும், நம்மை விட்டு விலகும் தாரை மிக மங்கலாகவும் தோன்றும். கடற்கரை வெளிச்ச வீட்டின் கதிர் தன் பக்கம் திரும்பியபோது மாத்திரம் மாலுமியின் கண்ணைக் கூசச்செய்வது போன்றதே இது. மற்றைத் தாரை இல்லாமற் போகவில்லை. அதன் முகம் நமக்கு மறுபுறம் இருந்தது.

ஒரு சிக்கலை அவிழ்த்தவுடன் இன்னொன்று தோன்றுதல் ஆராய்ச்சியின் இயல்பு. நம்மை நேராக நோக்கும் குவாசர் ஒன்று உண்டெனில், வேறு திசைகளை நோக்குவன பல இருத்தல் வேண்டும். அவை யாவை? 1979ஆம் ஆண்டில் பீட்டர் ஷோயர், அந்தனி ரெட்ஹெட் என்னும் இருவரும், வானொலி அலைகளை மிகக் குறைவாக வீசும் குவாசர்களே அவை என ஒரு கருத்தை முன்வைத்தனர். கருத்து அழகியது; ஆயினும் நிலைக்கவில்லை. நேர்நோக்கும் குவாசர்கள் பலவற்றைச் சுற்றி விரிந்த மடல்களின் மங்கலான ஒளி காணப்பட்டது. மடல்கள் மெதுவாக நகர்வன. அவை எல்லாத் திசைகளிலும் ஒப்ப ஒளிர்வன. ஆகவே குவாசர் எத்திசை திரும்பினும் அதன் மடல்கள் மறையா. வானொலியில் அமைதியான குவாசர்களுக்கோ அத்தகைய மடல்களே இல்லை.

தோற்ற கருத்தே சரியான வழியைக் காட்டிற்று. மடல்கள் மாறாதவை, மையக்கருவின் ஒளியோ திசைக்கேற்பக் கூடிக் குறைவது. அப்படியாயின் மடலைப் படிக்கல்லாகக் கொண்டு கருவை நிறுக்கலாமன்றோ? 1982ஆம் ஆண்டில் ஜொட்ரெல் பாங்க் நிலையத்தைச் சேர்ந்த மார்க் ஓர், இயன் பிரவுன் ஆகியோர் இதனையே செய்தனர். மையக்கருவின் வானொலி ஒளியை மடல்களின் ஒளியால் வகுத்துவரும் ஈவு பெரிதாயின் குவாசர் நம்மை நோக்கியுள்ளது. சிறிதாயின் பக்கவாட்டில் திரும்பியுள்ளது. கரு மேலோங்கிய குவாசர்களும் மடல் மேலோங்கிய குவாசர்களும் இருவேறு இனங்கள் அல்ல, ஒரே இனத்தின் இருவேறு தோற்றங்களே என்று அவர் வாதித்தனர். பூணும் கோலும் ஒரே உலக்கையாயின.

இவ்விடத்தில் தமிழ் நிலத்தோடு தொடர்புடைய ஒரு செய்தியையும் கூறல் பொருந்தும். நீலகிரியில் உதகமண்டலத்தை அடுத்து, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் கோவிந்த் சுவரூப் என்பவரின் தலைமையில் 1970ஆம் ஆண்டில் ஒரு வானொலித் தொலைகாட்டியை நிறைவுசெய்தனர். 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் உடைய அது, 11 பாகை சாய்ந்த மலைச்சரிவிலே வடக்குத் தெற்காகக் கிடக்கின்றது. அச்சாய்வு அவ்விடத்தின் அகலக்கோட்டுக்குச் சமமாதலால், தொலைகாட்டியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகின்றது. அதனை ஒரே அச்சிற் சுழற்றி ஒரு மூலத்தைப் பல மணி நேரம் பின்தொடரலாம். 3சீ 273ஐக் காட்டிக்கொடுத்த அதே சந்திர மறைப்பு முறையாற் பல நூறு மூலங்களை ஆராய்வதற்கென்றே அது கட்டப்பட்டது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த விஜய் கபாகி, சைக்கியா ஆகிய இருவரும் 1982ஆம் ஆண்டில், இரட்டை மடல் கொண்ட குவாசர்களை ஆராய்ந்து ஒரு சோதனை நடத்தினர். கரு மேலோங்கிய குவாசர் நம்மை நோக்கியதென்பது மெய்யாயின், நுனிப்புறமாகக் கண்ட உலக்கைபோல அதன் நீளம் குறுகித் தோன்றல் வேண்டும். அதிலுள்ள சிறு வளைவும் பெரிதாகத் தோன்றல் வேண்டும். அவர் கண்ட போக்கும் அவ்வாறே அமைந்தது.

1986ஆம் ஆண்டில் பெவர்லி வில்ஸ் என்னும் அம்மையாரும் இயன் பிரவுனும் இவ்வளவுகோலை வேறொரு துறைக்குக் கொண்டு சென்றனர். குவாசரின் நிறமாலைக் கோடுகள் அகன்றிருப்பதற்குக் காரணம், கருந்துளையைச் சுற்றும் வாயுவின் வேகமே. செக்கைச் சுற்றும் மாட்டை மேலிருந்து நோக்குவோனை அது நெருங்குவதுமில்லை, விலகுவதுமில்லை. பக்கத்தில் நிற்போனுக்கோ அது ஒருகால் நெருங்கி ஒருகால் விலகும். வாயுவும் தட்டிலே சுழல்வதாயின், அச்சு வழியே நோக்கும்போது கோடுகள் ஒடுங்கியும், பக்கமாக நோக்கும்போது அகன்றும் தோன்றல் வேண்டும். வானொலியால் திசையறிந்த குவாசர்களில் அவர் கண்டதும் அதுவே. இதன் பயன் பெரிது. கோடுகளின் அகலத்தைக் கொண்டே கருந்துளையின் திணிவை இன்று கணிக்கின்றனர். அகலம் பாதியாகத் தோன்றினால் கணித்த திணிவு காற்பங்காகிவிடும். திசையறியாது நிறுப்போன் நிறையறியான்.

1988ஆம் ஆண்டில் மற்றொரு சான்று கிடைத்தது. வானொலி அலைகள் ஒரு தளத்தில் அதிர்வனவாக அமைதல் முனைவாக்கம் எனப்படும். காந்தப்புலமுடைய வெப்ப வாயுவினூடே செல்லும்போது அத்தளம் இடத்துக்கிடம் வெவ்வேறளவில் திரும்புவதால், முனைவாக்கம் குலைந்து போகின்றது. வாயு எவ்வளவு மிகுதியோ அவ்வளவு குலைவும் மிகும். ரொபேட் லெயிங் என்பவரும், சைமன் காரிங்டன் முதலியோரும் ஆராய்ந்து, தாரை தோன்றும் பக்கத்து மடலில் இக்குலைவு குறைவாகவும், மறுபக்கத்து மடலில் மிகுதியாகவும் உள்ளதெனக் கண்டனர். தாரை தோன்றும் பக்கமே நமக்கு அண்மையது. மறுபக்கம் மண்டலத்தைச் சூழ்ந்த வாயுவுக்கு அப்பாலுள்ளது. எப்பக்கம் முன், எப்பக்கம் பின் என்பது ஐயந்திரிபற விளங்கிற்று.

இனி எஞ்சியது ஒரு வினா. ஏறக்குறைய முற்றிலும் பக்கவாட்டில் திரும்பிய குவாசர்களை ஏன் காணவில்லை? 1985ஆம் ஆண்டில் ரொபேட் அன்டனூச்சி, ஜோசெப் மில்லர் என்போர், என்.ஜி.சி. 1068 என்னும் அண்மை மண்டலத்தின் மையம் தடித்த தூசு வளையத்தால் மறைக்கப்பட்டிருந்தும், அதன் ஒளி அயலிலுள்ள வாயுவிற் பட்டுச் சிதறி நம்மை எட்டுவதைக் கண்டிருந்தனர். உழுந்து வடையின் வடிவிலமைந்த அவ்வளையத்தைத் துளைவழியே நோக்கினால் உள்ளே எரியும் விளக்குத் தெரியும். பக்கமாக நோக்கினால் வளையம் மட்டுமே தெரியும். 1989ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டு அறிஞர் பீட்டர் பார்தெல், கேம்பிரிட்ஜ்ப் பட்டியலிலிருந்து ஏறக்குறைய ஒத்த தொலைவிலுள்ள 42 மூலங்களை எடுத்துக்கொண்டார். அவற்றுள் 12 குவாசர்கள். 30 வானொலி மண்டலங்கள். அச்சுகள் எல்லாத் திசைகளிலும் ஒப்பப் பரந்துள்ளன என்று கொண்டால், நம் பார்வைக் கோட்டிலிருந்து 44.4 பாகைக்குள் அச்சு அமைந்தவை குவாசராகவும், அதற்கு அப்பாற்பட்டவை, மையம் மறைந்து, வானொலி மண்டலமாகவும் தோன்றுமென்று கணக்குப் பொருந்திற்று. அங்ஙனமாயின் குவாசர்களின் மடல்கள் குறுகித் தோன்றல் வேண்டும். அவை வானொலி மண்டலங்களினும் ஏறக்குறையப் பாதி நீளமே உடையனவாகத் தோன்றின. இரு பெயர்கள் ஒரு பொருளாயின.

எனினும் இக்கொள்கையை எல்லாவற்றுக்கும் மருந்தாகக் கொள்ளலாகாது. வானொலி அலைகளை வலுவாக வீசுவன குவாசர்களிற் பத்திலொரு பங்களவே. மற்றவற்றின் திசையை இம்முறையால் எளிதில் அறிதல் இயலாது. கருவுக்கும் மடலுக்குமுள்ள விகிதம் ஒரு கூட்டத்தைப் பற்றி நம்பத்தக்க செய்தி தருமாயினும், தனியொரு குவாசரின் கோணத்தை நுண்ணிதாகக் கூறாது. கரு இன்று பாய்வதைக் காட்டுகின்றது. மடலோ பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பாய்ந்ததன் சேமிப்பு. இடையில் பாய்ச்சலின் வலிமை மாறியிருக்கலாம். மேலும், வலிமை குன்றிய வானொலி மண்டலங்கள் பலவற்றில், எத்திசையிலிருந்து நோக்கினும், மறைந்த குவாசர் இல்லவேயில்லை என்பது பிந்திய ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. ஆகவே சில வேறுபாடுகள் கோணத்தால் வந்தவை; சில மெய்யான வேறுபாடுகள். அவற்றைப் பகுத்தறிதலே இன்று இத்துறையாரின் தலையாய பணி.

இவ்வாராய்ச்சியின் பயனை அண்மைக்கால நிகழ்ச்சியொன்று நன்கு விளக்கும். 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், உலகின் பல பாகங்களிலுமுள்ள வானொலித் தொலைகாட்டிகளை இணைத்தோர், எம் 87 என்னும் மண்டலத்தின் மையத்துக் கருந்துளையின் நிழற்படத்தை வெளியிட்டனர். ஒளி வளையத்தின் ஒருபக்கம் மற்றப் பக்கத்தினும் பிரகாசமாயிருந்ததை உலகம் கண்டது. அப்படத்துக்குப் பொருள் கூறுதற்கு, அம்மண்டலத்தின் தாரை நம் பார்வைக் கோட்டிலிருந்து சுமார் 17 பாகை சாய்ந்துள்ளதென முன்னைய வானொலி ஆராய்ச்சிகள் கண்டிருந்த அளவே துணையாயிற்று. கருந்துளையின் படத்தை வாசிப்பதற்கும் அதன் திசையே முதல் எழுத்தாயிற்று.

ஜெனிசனும் தாஸ் குப்தாவும் இரு மடல்களைக் கண்ட நாள்முதல் பார்தெலின் கணக்குவரை 36 ஆண்டுகள். அக்காலத்தில் எந்தக் குவாசரும் நம் பொருட்டுச் சற்றேனும் திரும்பவில்லை. மனிதரும் அதனைச் சுற்றிவரவில்லை. மாறியது வினாவே. வானத்தில் எத்தனை வகைப் பொருள்கள் உள்ளன என்று முதலிற் கேட்டனர். அவற்றுள் எத்தனை வகை நாம் நிற்கும் இடத்தினால் விளைந்தன என்று பின்னர்க் கேட்டனர். இரண்டாவது வினாவைக் கேட்கத் துணிந்தபோது, முன்னர் இரைச்சலென்று தள்ளப்பட்ட வானொலி அலையே அதற்கு விடை பகர்ந்தது.